தலையில்லாத தீக்கோழி

“தீக்கோழிட தலையக் காணமே மகள்,” என்றாள் உம்மா ஸுலைஹா, மகளின் போனை எட்டிப் பார்த்து.

“அது குனிஞ்சிட்டு உம்மா,” என்றாள் அஸ்மியா. தீக்கோழி குனியவேயில்லை. வேலிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு, படம் எடுக்கச் சொல்லித்தான் நின்றது.

முந்தல் ஊருக்கு அப்பால் தென்னந்தோட்டத்துக்குள் புதிதாகத் திறந்த தனியார் மிருகக் காட்சிசாலை அது. ஒட்டகம், முதலை, மயில், கூடவே கொஞ்சம் கழுதைகள். கற்பிட்டி ரோட்டில் குறுக்கே படுத்துக்கொண்டு பஸ்ஸுக்கும் வழிவிடாத கழுதையை இங்கே டிக்கட் வாங்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அஸ்மியா அதையும் விடவில்லை. கழுதைக்கு முன்னால் போய் எடுத்தாள், பின்னால் போய் எடுத்தாள், பிறகு ஒட்டகத்திடம் ஓடினாள். அவள் பின்னால் நடந்தே உம்மாவுக்குக் கால் உளைந்தது.

“கழுதயப் போய் என்னத்துக்குப் புள்ள எடுக்கிற? கொஞ்சம் ஒரு எடத்தில நில்லு. அவங்க ஒன்னப் பாக்க வாணாமா?”

அவங்க என்றால் நுரைச்சோலை ஹவ்வா உம்மா வீட்டார். மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் அஸ்மியாவின் ஊரான கரைத்தீவு முழுக்கக் கதை பரவிவிடும். அதனால் இப்படி ஒரு பொது இடத்துக்கு இரண்டு பக்கமும் தற்செயலாக வந்ததுபோல் வந்து, தூரத்தில் நின்று பார்த்துக்கொள்வது. பேசக்கூடாது, கை காட்டக்கூடாது. சம்பந்தம் பேசிய ரஸாக் மாமாவின் கண்டிப்பான உத்தரவு அது.

ஏற்கனவே இரண்டு இடத்தார் வீட்டுக்கே வந்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, “சொல்லியனுப்புறம்” என்று போனவர்கள். இன்றுவரை சொல்லியனுப்பவில்லை. இதுவும் அப்படிப் போனால் உம்மா தாங்கமாட்டாள் என்று அஸ்மியாவுக்குப் பயம். அதைவிட, யாராவது வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போவதே அவளுக்கு வெறுத்துவிட்டது.

இந்த முறை நானும் பார்ப்பேன் என்று முடிவெடுத்துத்தான் போனைக் கொண்டுவந்திருந்தாள். ஒட்டகத்தைப் படம் எடுக்கிறவளிடம், நீ எங்கே பார்க்கிறாய் என்று யார் கேட்கப் போகிறார்கள்? தீக்கோழியின் தலை போனதும் அதனால்தான். அதன் காலுக்கு நேர் பின்னால் அவர் நின்றார்.

மாமா கொண்டுவந்த மாப்பிள்ளையின் பாஸ்போட் சைஸ் படத்தில் தாடி இல்லை. இப்போது வைத்திருக்கிறாராம். ஹவ்வா உம்மாவின் பக்கத்தில் நின்றவருக்கு அளவான தாடி. கூட வந்த இன்னொருவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு, போனில் கதைத்தபடி எங்கேயோ பின்னால் வந்தார்.

ஹவ்வா உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவர்தான் கை பிடித்து நடத்தினார், பையைச் சுமந்தார், வெயிலுக்குக் குடை பிடித்தார். முதலைத் தடாகத்தில் கிழவி மூச்சு வாங்கியபோது டிக்கட் கவுண்டருக்கு ஓடிப்போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். அஸ்மியா முதலையை நாலைந்து படம் எடுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு அவர்கள் பாய் விரித்து, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி இருந்தார்கள். அவர் மட்டும் தள்ளிப்போய் ஒரு தென்னையடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்தார். இவ்வளவு வெட்கமா என்று அஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? முந்தின இரண்டு முறையும் வராத பயம் இது. முந்தானையைச் சரிசெய்தாள், மயிலிடம் போனாள், எடுக்காமலே திரும்பி வந்தாள். உம்மா இது ஒன்றையும் கவனிக்கவில்லை. அவளுடைய கண் ஹவ்வா உம்மாவின் முகத்திலேயே இருந்தது.

திரும்பி வருகிற வழியில், பாலாவிச் சந்தி தாண்டியதும் ரஸாக் மாமாவின் போன் அடித்தது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று மாமா முன் சீட்டிலிருந்து திரும்பினார். “அவங்களுக்குச் சம்மதமாம். மாப்பிள்ளைக்கும் நல்லாப் புடிச்சிட்டாம்.”

உம்மா அழுதுவிட்டாள். லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒனக்கு மகள்?” என்று கேட்டாள்.

“ஓம் உம்மா. எனக்கும் புடிச்சீக்கிது.” அஸ்மியா வெட்கத்தை விட்டுப் போனை மாமாவிடம் நீட்டினாள். “பாருங்களேன், எல்லாத்திலயும் அவர எடுத்தீக்கிறன்.”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். கழுதை, ஒட்டகம், முதலை, தலையில்லாத தீக்கோழி.

“எங்க புள்ள மாப்பிள்ள?”

“இந்தா, குடை புடிச்சிக்கிட்டு. இதில கதிரயத் தூக்கிக்கிட்டு.”

மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இது அவங்க ஹயருக்குப் புடிச்ச வேன்ட ட்ரைவர்,” என்றார். ஒட்டகப் படத்துக்குத் திரும்பிப் போய், அதன் வாலுக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு தொப்பியையும் முழங்கையையும் விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “இதுதான் மாப்பிள்ள.”

உம்மாவின் லேஞ்சி மூக்கடியிலேயே நின்றது.

அஸ்மியா போனை வாங்கினாள். முழங்கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விரலால் தள்ளித் தள்ளி, கதிரை தூக்கிய படத்துக்கே வந்து நிறுத்தினாள்.

“மாமா, அந்த ட்ரைவர் கலியாணம் முடிச்சவரா?”