ஒன்பது நிறுத்தம்

“முந்நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது நிறுத்தமா? நாம பைக்ல போறோமா, டவுன் பஸ்ல போறோமா?”

மெக்கானிக் கேட்டதில் தப்பே இல்லை. சர்வேயர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த வரைபடத்தில், முதல் நாள் பாதை முழுக்கச் சிவப்புப் பென்சில் புள்ளி. அம்மை போட்ட மாதிரி இருந்தது.

மூன்று பேரும் முதன்முதலாக பைக் வாங்கின காலத்திலிருந்தே பேசிவந்த பயணம் இது. மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாகவே திரும்பி வர அஞ்சு நாள். கல்யாணம், குழந்தைகள், அதுகளின் படிப்பு என்று தள்ளித் தள்ளிப் போய், மூவருக்கும் தலை நரைத்த பிறகு இப்போதுதான் கூடி வந்திருக்கிறது.

“நாற்பது நிமிஷத்துக்கு ஒருதடவை நான் இறங்கியாகணும்ப்பா,” என்றார் சர்வேயர், பென்சிலைச் சீவிக்கொண்டே. “முன்ன மாதிரி அடக்க முடியல.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அதே கோளாறு நாலு மாசமாக அவருக்கும் உண்டு. ஒரு பாடவேளையை முடிப்பதற்குள் அவர் படுகிற பாடு அவருக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். போன மாசம் மூவரும் சினிமாவுக்குப் போனபோதுகூட, ‘போன் வருது’ என்று சொல்லிச் சொல்லி எழுந்து ஓடித் தப்பித்தார். மானம் போகிற சமாசாரத்தை இவன்களிடம் எப்படிச் சொல்வது? ‘மச்சினன் வீடு மாத்தறான், நான் வரல’ என்று ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டுதான் இன்றைக்கு வந்திருந்தார். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தும் மனசு ஒப்பவில்லை. முப்பது வருஷ ஆசை இல்லையா.

இப்போது அந்தப் பொய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதோடு சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தன்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று மெக்கானிக்கைவிடப் பலமாகச் சிரித்தார்.

“பின்னாடி ஒரு பக்கெட்டைக் கட்டிட்டு வாய்யா. எங்களுக்காவது நேரம் மிச்சமாகும்.”

“பண்ணுங்க, பண்ணுங்க, நல்லா கிண்டல் பண்ணுங்க,” என்று சர்வேயரும் சிரித்தார். “இதோ, கொல்லைப் பக்கம் போய்ட்டு வந்துடறேன்.”

அவர் திரும்பி வந்ததும், “நானும் கை கழுவிட்டு வந்துடறேன்,” என்று வாத்தியார் நழுவினார். ஒன்றரை மணி நேரத்தில் இப்படியே மூன்று தடவை. சர்வேயர் போய் வந்தால் பின்னாலேயே இவர். கையில் மை, மூஞ்சியில் வேர்வை, கண்ணில் தூசி என்று காரணம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

“என்னங்க,” என்று கொல்லையிலிருந்து சர்வேயரின் மனைவி குரல் கொடுத்தாள். “ரோஜாத் தொட்டியில யாரு இவ்வளவு தண்ணி விட்டது? செடி நீச்சல் அடிக்குது.”

“பைப்பு ஒழுகுதும்மா. நாளைக்குப் பார்க்கறேன்.”

மெக்கானிக் மேஜையைத் தட்டினார். “இங்க பாருய்யா. சூரியன் இறங்கறதை மலை உச்சியில நின்னு பார்க்கணும்னுதானே இவ்வளவு தூரம் போறோம்? உன் கணக்குப்படி போனா, டார்ச் அடிச்சுத்தான் மலையைத் தேடணும். நாலு நிறுத்தம். அதுக்கு மேல கிடையாது.”

“ஒன்பதுதான்,” என்றார் சர்வேயர், தலை நிமிராமல். “ஒண்ணுகூடக் குறைக்க மாட்டேன்.”

“அப்போ நீ வராதே. நானும் வாத்தியாரும் போய்க்கறோம். என்ன வாத்தியாரே?”

வாத்தியார் குனிந்து வரைபடத்தின் மடிப்பை நீவிவிட்டார்.

மெக்கானிக் ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தார். ஒரு புள்ளி போயிற்று. இன்னொன்று போயிற்று. சர்வேயர் தடுக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பக்கெட் கட்டச் சொன்ன வாத்தியாரை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத மனுஷன், அவர் கண் முன்னாலேயே பயணத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது புள்ளி அழிந்தபோது வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

“நிறுத்துய்யா. எனக்கும் அதே கோளாறுதான்.” என்றார். “நாலு மாசமா. வெளியில தெரிஞ்சுடுமோன்னு பயந்துதான் இவனைக் கிண்டல் பண்ணினேன். எனக்கே கேவலமா இருக்கு. நீ முன்னாடி போ. நானும் இவனும் பின்னால நின்னு நின்னு வர்றோம்.”

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரப்பரைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அறிவு இருக்கா உனக்கு? எங்ககிட்ட சொல்ல நாலு மாசமா?” என்றார். “விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா ஒன்பது என்ன, பன்னிரண்டு தடவைகூட நிக்கலாம். சூரியன் அங்கேயேதான் இருக்கும்.”

சர்வேயர் அழிந்த மூன்று புள்ளிகளையும் மறுபடி வைத்தார்.

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

“நான் கொல்லைப் பக்கம் போறேன். நீயும் வாய்யா, உனக்கும் நேரமாயிருக்குமே.”

“தியேட்டர்ல நாற்பது நிமிஷத்துக்கு ஒருதடவை உனக்குப் போன் வந்தப்பவே அளந்துட்டேன் வாத்தியாரே,” என்றார் சர்வேயர், பென்சிலை மறுபடியும் சீவிக்கொண்டே. “இனிமே நீ தனியாவே போய்ட்டு வா. அந்த ரோஜாச் செடி இதுக்கு மேல ஒரு சொம்புத் தண்ணி தாங்காது.”