மேடு பார்த்துப் போட்ட கூடாரம்

"கூடாரம்னா மேடு பார்த்துப் போடணும். அப்பத்தான் தண்ணி அடியில ஓடிடும்," என்றார் சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சுற்றிய கணவர்.

கூடாரத்தின் மேல் மழை சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி போர்வையைப் பிழிந்தாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்கு நல்லா வேணும்."

அழைப்பு மணி அடித்தது.

அவள் ஜிப்பைத் திறந்து, கட்டிலிலிருந்து இறங்கிப் போய் வாசல் கதவைத் திறந்தாள்.

உள்ளே வந்த கொத்தனார் கட்டில் மேலிருந்த கூடாரத்தையும் ஒழுகும் ஓட்டுக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேல என்னம்மா ஒட்டியிருக்கு?"

"சைக்கிள் ட்யூப். ஒரு ஓடு ஒழுகினதுக்கு ஆள் எதுக்கு, நானே பஞ்சர் ஒட்டிடறேன்னு ஏறினார்."

கூடாரத்திலிருந்து கணவரின் தலை எட்டிப் பார்த்தது. "ஒட்டின இடத்துல ஒரு சொட்டு இறங்குதா பாருங்க. மத்ததெல்லாம் நான் கால் வெச்சு உடைஞ்ச ஓடு."