சேட்டு கேட்ட நியாயம்

கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே சேட்டு நியாயம் கேட்டார். உட்கார்ந்து கேட்கும் நிலையில் அவர் இல்லை.

"கோயிலுக்குப் போய்க்கினு இருந்த மனுஷன் மேடம் நானு! இந்த மாடு கயித்தக் கழட்டிக்கினு வந்து பின்னாடி குத்திடுச்சு. கொம்பை எடுக்கலன்னா ஸ்டேஷனுக்குப் போறேன். காயத்தையும் அவுத்துக் காட்டுவேன்!"

ஏற்கெனவே பாதி ஊருக்குக் காட்டியிருந்தார். மீதி ஊர் அவரைக் கண்டாலே வேறு தெருவில் நடந்தது.

பக்கத்து வீட்டுக்காரரோடு பகை வேண்டாமென்று திரௌபதிதான் கால்நடை டாக்டர் மெர்லினை வரவழைத்திருந்தாள். இப்போது ஊசியைப் பார்த்ததும் மாட்டை ஒட்டி நின்றுகொண்டாள். தாயில்லாக் கன்றாக வந்த செவலையைப் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தவள் அவள்.

"ரொம்ப வலிக்குமா மேடம்?"

"மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் அறுப்பேன். ஆனா வளர்ந்த மாடும்மா. கொம்புக்குள்ள ரத்தம் ஓடும், புண்ணு ஆற நாளாகும். பாலும் குறையும்."

"இன்னும் குறையணுமா? விடியறதுக்கு முன்னாடி நான் உப்பளத்து வேலைக்கு ஓடிட்டு, திரும்பி வந்து கறந்தா பாதிப் பால்தான் வருது. அடக்கி வச்சுக்குதோ என்னமோ. மத்தபடி சாது மேடம். எங்கிட்ட ஒருநாளும் காலைத் தூக்குனது இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றனா?" என்று கட்டில் கத்தியது.

மெர்லின் செவலையின் கொம்படியைத் தடவிப் பார்த்தார். அறுக்கும் கம்பியை எடுத்துத் தயாராக வைத்தார். செவலை ஒன்றும் அறியாமல் அவருடைய கோட்டு நுனியை நக்கிக்கொண்டிருந்தது.

திரௌபதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சுக்கம்மா" என்று காதில் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடினாள்.

ஊசியில் மருந்தை ஏற்றியபடியே மெர்லின் திரும்பினார். "ஏங்க, கொம்பு போனா மட்டும் போதுமா? இதால வேற தொந்தரவு எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. திரும்பத் திரும்ப என்னால வர முடியாது."

இத்தனை நாளில் தன் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் இந்த டாக்டர்தான். சேட்டுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"அந்தப் பின்னங்காலுக்கும் எதுனா ஒரு ஊசி போடுங்க மேடம். கறக்க உக்காந்தாலே உதைக்குது!"