வலது செட்டை

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு, பிள்ளை. ஒரு சொல்லும் விடாதை," என்றார் புண்ணியமூர்த்தி.

லக்சிகா தலையாட்டினாள். எதிரே, கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே ஆன்ஜெலிக் அமர்ந்திருந்தார். ஆறு கிழமைக்கு முன் சிறிய விமானம் ஒன்று விழுந்து இறந்துபோன லூடோவிக்கின் மனைவி. மாநிறம், சுருள் முடி. பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரெயூனியன் தீவுப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று லக்சிகா நினைத்தாள்.

சந்திக்கும் இடத்தை அவரேதான் சொல்லியிருந்தார், தமிழர் கடைத்தெருவான ரூ லூயி-பிளாங்கில் இருக்கும் இந்தத் தேநீர்க் கடை. மத்தியானம் கழிந்து கூட்டம் குறைந்த நேரம். லக்சிகா முள்ளுக்கரண்டி எடுத்து வருவதற்குள் அவர் வடையைக் கையால் பிய்த்துச் சட்னியில் தொட்டிருந்தார். ஆனால் வாய்க்குக் கொண்டுபோக மனம் வராமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

புண்ணியமூர்த்திக்குக் கூசேன்வில்லுக்கு அப்பால் ஒரு சின்ன விமானத் திடலில் வேலை. கொட்டகையைக் கூட்டுவது, விமானங்களைக் கழுவுவது, குளிர்காலத்தில் இறக்கைகளில் உறைந்த பனியைச் சுரண்டி மருந்து அடிப்பது. வன்னியிலிருந்து வந்து ஆறு வருடமாகியும் வேலைக்குத் தேவையான பத்துப் பதினைந்து பிரெஞ்சுச் சொல்தான் அவருக்குத் தெரியும்.

ஆன்ஜெலிக் பிரெஞ்சில் மெதுவாகப் பேசினார்.

"இறக்கையில் பனி இருந்தது, ஓட்டியவர் கவனிக்கவில்லை என்று முதல் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். என் மகன் மார்செல் கல்லறைப் பக்கமே வருவதில்லை. அலட்சியமாகப் பறந்து செத்தார் என்கிறான். முப்பது வருடம் பறந்த மனிதர் அவர். அன்று காலை கூட இருந்தது உங்கள் அப்பா மட்டும்தான். என்ன நடந்தது என்று கேளுங்கள்."

லக்சிகா அதைத் தமிழில் சொன்னாள். புண்ணியமூர்த்தி மேசையைப் பார்த்தபடி தொடங்கினார்.

"இடப்பக்கச் செட்டையை வடிவாத் துடைச்சனான். வலப்பக்கத்துக்குப் போகேக்கை மருந்து முடிஞ்சு போச்சு. கையும் விறைச்சுப் போச்சு. அதைப் பாத்திட்டு அந்த மனிசன் தன்ரை கையுறையைக் கழட்டி எனக்குத் தந்தவர். மருந்து எடுக்கக் கொட்டிலுக்குப் போனனான். அங்கை ஹீட்டருக்குப் பக்கத்திலை நிண்டிட்டன். கனநேரம் நிண்டிட்டன்."

லக்சிகா நிமிர்ந்து பார்த்தாள். துக்கம் சொல்ல வேண்டும், கூட வா என்றுதான் அவர் அவளை அழைத்து வந்திருந்தார்.

"திரும்பி வரேக்கை அவர் ஏறி இருந்திட்டார். 'சே போன்?', எல்லாம் சரியோ எண்டு கேட்டார். நேரம் போட்டுது எண்ட பயத்திலை நான் 'உய்', ஓம் எண்டிட்டன். வழக்கமா ரெண்டு செட்டையையும் கையாலை தடவிப் பாத்திட்டுத்தான் ஏறுவார். அண்டைக்கு வெறுங்கையோடை எப்பிடித் தடவுறது? என்னை நம்பித்தான் எழும்பினவர். வயலுக்கை விழுறதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான், அவற்றை கையுறையைப் போட்டுக்கொண்டு."

புண்ணியமூர்த்தி மகளின் பக்கம் திரும்பினார்.

"விசாரிக்க வந்தவைக்கும் ரெண்டு பக்கமும் துடைச்சனான் எண்டு பொய் சொன்னனான். அவரிலை ஒரு பிழையும் இல்லை. என்னிலைதான் பிழை. சொல்லு, பிள்ளை."

மார்ச்சில் அப்பாவின் வதிவிடக் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். போலீஸ், வழக்கு என்று வந்தால் அதற்குப் பிறகு யார் கார்ட் தரப்போகிறார்கள்? இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது தன் நாக்கு ஒன்றுதான் என்று லக்சிகா நினைத்தாள்.

"அப்பா இரண்டு இறக்கையையும் துடைத்தாராம்," என்றாள் பிரெஞ்சில். "ஆனால் உங்கள் கணவர் அவசரத்தில் இருந்தாராம். வழக்கம்போலச் சுற்றி வந்து பார்க்காமல் ஏறிவிட்டாராம்."

சொல்லி முடித்த பிறகுதான், செத்துப்போன மனிதர்மேல் பழியைப் போட்டுவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆன்ஜெலிக்கின் கண்கள் நிறைந்திருந்தன. அவர் லக்சிகாவையே பார்த்தார்.

"நிறைய நேரம் பேசினாரே. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மதாம். மிகவும் வருத்தப்படுகிறார்."

"என்னவாம்?" என்றார் புண்ணியமூர்த்தி.

"அவவுக்கு விளங்கீட்டுதாம், அப்பா. உங்களிலை கோவம் இல்லையாம்."

"கோவம் இல்லாமல் எப்பிடி? நீ வடிவாச் சொன்னனியோ? வலப்பக்கம் எண்டு சொன்னனியோ?"

"சொன்னனான்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆறு கிழமையாகத் தூங்காத அப்பா அழுவதை லக்சிகாவால் பார்க்க முடியவில்லை. எதிரே இருந்தவரைப் பார்க்கவும் முடியவில்லை. தெருவில் போகும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆன்ஜெலிக் எழுந்தார். போகப் போகிறார் என்று லக்சிகா மூச்சு விட்டாள். அவரோ மேசையைச் சுற்றி வந்து புண்ணியமூர்த்தியின் பக்கத்தில் நின்றார். தோளில் வைக்கப்போன கை அந்தரத்திலேயே சற்று நேரம் நின்று, பிறகு நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டது.

"இதையே என் மகன்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க ஐயா," என்றார். "அவனுக்கும் தமிழ் தெரியும்."