ஒண்ணும் தெரியல

கல்லீரல் சுருங்கிப்போன என் கணவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். புற்று முளைத்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாமாம்.

டாக்டர் அவருடைய தொப்பையில் கருவியை அழுத்தி அழுத்தித் தேடினார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

திரையையே உற்றுப் பார்த்தவர், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் தெரியல."

இவருக்கு அது போதும். ஜெல்லைக்கூடத் துடைக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "சும்மா கெடந்தவன பயமுறுத்துனியே" என்று வழியெல்லாம் எனக்குக் கிண்டல்.

அடுத்த ஸ்கேனுக்குள் தொப்பை கரைந்து, சட்டை தொளதொளத்தது. இந்த முறை எலுமிச்சம்பழ அளவில் கட்டி. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"போன தடவை ஒண்ணும் தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. கொழுப்பு மறைச்சுது. உள்ள இருக்கறது எதுவுமே எனக்குத் தெரியல. சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்னு சொல்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க."

"இப்ப எடுத்தா?"

"ரத்தக்குழாய் வரைக்கும் பரவிடுச்சும்மா. எங்க கையில ஒண்ணும் இல்ல."

வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"ஒண்ணும் தெரியலயாம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.