டிஷ்யூ பாக்கெட் வைத்த நாற்காலி

முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளைப் பிடித்தேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். அடுத்ததில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன்.

பாக்கெட் வைத்தால் இடம் நமக்கு என்று உணவங்காடியில் செல்லுகிற சட்டம் சமூக மன்றத்தில் செல்லாதா என்ன?

கூட்டம் நெருக்கியடித்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கடைத்தொகுதி வரப்போகிறது, அதைப் பற்றி விளக்கம் சொல்ல ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றால் எங்கள் செம்பவாங் பேட்டையில் யார்தான் வீட்டில் இருப்பார்கள்?

பக்கத்து வீட்டு ரிஸ்வான் வந்து அந்த நாற்காலியைப் பார்த்தார். ஆள் வருது என்றேன். பாவம், சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பாக்கெட் பாலுக்கு பஸ் ஏறுகிறவள் நான். ஆனால் சரக்கு லாரிக்கு வழி எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? எங்கள் புளோக்கை ஒட்டிய சின்னத் தெருவில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகிற தெரு. அதை அகலப்படுத்த அங்கே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் அத்தனையையும் வெட்டவேண்டும்.

புக்கிட் மேராவை விட்டு நானும் என் வீட்டுக்காரரும் போன வருடம் இங்கே குடிவந்ததே அந்த மரங்களைப் பார்த்துத்தான். விடிந்தால் போதும், இருவாச்சிப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்து கத்தும். சனியன், தூங்கவிடாது. அதற்காக, அதை வேறு யாராவது விரட்டினால் விட்டுவிடுவேனா?

மேடையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். போக்குவரத்துத் திட்டம் போட்ட நிறுவனத்தின் இன்ஜினியர். முப்பது வயதுகூட ஆகவில்லை. புதுச் செருப்பு கடித்து, குதிகாலில் பிளாஸ்திரி. படம் படமாகப் போட்டுத் திணறாமல் பேசினாள். அவளுடைய மேலாளர் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வண்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டோம், அந்தத் தெருவில் நெரிசலே இல்லை, லாரி விட்டால் ஒரு சிக்கலும் வராது என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

மைக்கை வாங்கினேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. எந்த மாதம் எண்ணினீர்கள் என்று கேட்டேன். பள்ளி விடுமுறையில், பாதி புளோக் ஜொகூருக்கும் பாத்தாமுக்கும் சுற்றுலா கிளம்பிப் போயிருந்தபோது, தெருவோரம் உட்கார்ந்து சிலர் எண்ணிக்கொண்டிருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேனே! ஆளில்லாத தெருவில் நெரிசல் எங்கிருந்து வரும்?

பின்னால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறக்காமலே வைத்தாள். மேலாளர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். மைக்கைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

மாதாவே, இவள் மழுப்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.

மேடம் கேட்டது சரி என்றாள். விடுமுறையில் எண்ணியது தப்பு, அந்தத் தேதியைக் குறித்தவளே நான்தான் என்றாள். பள்ளி நாளில் மறுபடியும் எண்ணவேண்டும், அதுவரை இந்த வழிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், மரங்களைத் தொடாமல் பெரிய சாலைப் பக்கமாக லாரியை விட முடியுமா என்றும் பார்க்கிறேன் என்றாள்.

மேலாளரை வைத்துக்கொண்டே சொன்னாள்! வேலைக்கே உலை வைக்கிற பேச்சு. மனிதரின் முகம் சுண்டிப்போனது. அவள் குரல் லேசாக நடுங்கியது. ஆனாலும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

எதிராளிக்கு யாராவது கைதட்டுவார்களா? நான் தட்டினேன். கண் கலங்கிவிட்டது, துடைக்கக்கூட இல்லை, தட்டிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலைந்தது. பின்னிட்டீங்க ஆன்ட்டி என்று வந்த ரிஸ்வான், கால் கடுத்துப்போய் அந்த நாற்காலியில் உட்காரப் போனார். கையை நீட்டித் தடுத்தேன். இவ்வளவு நேரம் வராத ஆளா இனிமேல் வரப்போகிறது என்று சிரித்தார்.

இன்ஜினியர் பெண் நொண்டிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினாள். நேராக எங்களிடம் வந்தாள். டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தொப்பென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு தாளை உருவி முகத்தைத் துடைத்தாள்.

"மானத்தை வாங்கிட்டீங்க லா, மா. சாப்பிட ஏதாச்சும் கொண்டுவந்தீங்களா?"

ரிஸ்வான் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் பொண்ணு, கேட்லின்," என்றேன். அவருக்கு மட்டும் கேட்டால் போதாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.