பி ஆட்டம்

“பி ஆட்டம் மனுசன் ஆடுற ஆட்டமில்ல நானா. பேசாம லேசான ஏ ஆட்டத்தையே ஆடுவோம்” என்றார் பக்கத்துக் கட்டில் வீராச்சாமி, அண்ணன் முறை வைத்து.

“லேசா ஜெயிச்சு என்ன? கஷ்டத்துலதான் ருசி இருக்கு” என்றார் புடவைக்கடை ஜவ்பர்.

குவைத்திலிருந்து ஜவ்பரின் மச்சான் அனுப்பிய வீடியோ கேம், உள்ளங்கை அளவுதான். லேசான ஏ, கடினமான பி என்று அதில் இரண்டு ஆட்டங்கள். வானத்திலிருந்து விழும் ஆட்களைப் படகில் ஏந்த வேண்டும். பி ஆட்டத்தில் ஜவ்பர் இருநூறைத் தொட்டதே இல்லை. இப்போது வலது கையில் மாவுக்கட்டு வேறு. வீராச்சாமிக்கு இடது கையில். பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த இருவரும், இன்று தலையணைமேல் கேமை வைத்துத் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். இடது பட்டன் ஜவ்பருக்கு, வலது பட்டன் வீராச்சாமிக்கு.

“உங்க பக்கம் விழுறான் நானா!”

“புடிச்சிட்டேன்! இப்ப உங்க பக்கம்!”

இருநூறு விழுந்தது. வார்டே கைதட்டியது. ஜவ்பர் கட்டிலிலேயே துள்ளினார்.

அப்போது உள்ளே வந்த பொலிஸ்காரர் கேட்டார்: “முதலாளி, உங்க வேன்ல மோதின லொறி டிரைவர் மேல முறைப்பாடு குடுக்கணும்னு ஆளனுப்பினீங்களே, அந்த டிரைவர் எங்க?”

வீராச்சாமியின் முகம் வெளிறியது. ஜவ்பர் தோளால் அவரை இடித்தார்.

“இந்தா, இவர்தான். முறைப்பாடெல்லாம் ஒண்ணுமில்ல சேர். பனிமூட்டத்துல ரெண்டு பேருக்குமே கண் தெரியல்ல. நீங்க கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க. முந்நூறு அடிக்கப் போறோம்!”